பெர்லின் மேல திடீர் சூடு

போன குளிர்காலத்தில் ஒரு க்ளையன்ட் கால். வேலைப் பேச்சு ஆரம்பிப்பதற்கு முன் நடக்கும் வழக்கமான குசல விசாரிப்பில், அந்தப் பக்கத்து ஆள் "போலார் வோர்டெக்ஸ் உடையப் போகுதாம், அப்புறம் ரெண்டு வாரத்துல செம குளிர் வரலாமாம்"னு சாதாரணமா சொல்லிட்டு ஸ்ப்ரின்ட் விஷயத்துக்குப் போயிட்டார். எனக்கு ஸ்ப்ரின்ட்டில் மனசு போகலை. முப்பது கிலோமீட்டர் உயரத்தில் ஏதோ உடைஞ்சா, தரையில் இருக்கிற மனுஷன் ஸ்வெட்டர் எடுத்து வைக்கணுமா? அன்னிக்கு ஆணியும் கம்மி. தேட ஆரம்பிச்சு, அப்புறம் பல வார இறுதிகள் இதிலேயே போச்சு. அந்தப் புண்ணியத்தில் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல இடத்தைப் பார்த்துடுவோம். 1902 வரைக்கும், மேலே போகப் போகக் குளிர் கூடிக்கிட்டே போகும்னுதான் எல்லாரும் நம்பினாங்க. அந்த வருஷம் பாரிஸ் பக்கத்தில் லியான் டெசெரெங் த போர் என்பவரும், பெர்லினில் ரிச்சர்ட் அஸ்மான் என்பவரும், சில நாள் இடைவெளியில், தனித்தனியா ஒரே விஷயத்தை அறிவிச்சாங்க. ஏறக்குறைய பதினோரு கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறைவது நின்னுடுது. டெசெரெங் த போர் 236 பலூன் விட்டுப் பார்த்து, கருவிக் கோளாறு இல்லைன்னு நிச்சயமான பிறகுதான் வாயைத் திறந்தார். (நாம ஒரு தடவை ரன் பண்ணிட்டே "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்ற ஜாதி. :-)) அந்த மேல் அடுக்குக்கு அவர் வெச்ச பேர்தான் ஸ்ட்ராட்டோஸ்பியர். அடுக்கடுக்கா, கலங்காம, சாதுவா கிடக்கிற காற்றுங்கற அர்த்தத்தில் வெச்ச பேர். நம்ம ஊர்ல அடுக்கு மண்டலம்னு சொல்றதும் அதே அர்த்தம்தான்.

அந்தச் சாதுவான இடம் எவ்வளவு மூர்க்கமா மாறும்னு தெரிய இன்னும் ஐம்பது வருஷம் ஆச்சு.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச பெர்லின். நகரம் துண்டு துண்டாக் கிடக்கு. பழைய பல்கலைக்கழகம் சோவியத் பகுதிக்குள்ள போயிட்டதால, மேற்கு பெர்லினில் 1948இல் சுதந்திரப் பல்கலைக்கழகம்னு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதில் வானிலைத் துறையைக் கட்டி எழுப்பினவர் ரிச்சர்ட் ஷெர்ஹாக். 1951இலிருந்து அவர் செய்த வேலை, வெளியே இருந்து பார்த்தா படு போரான வேலை. டெம்பிள்ஹோஃப் விமான நிலையத்திலிருந்து தினமும் ரேடியோசாண்ட் பலூன்களைப் பறக்கவிட வேண்டியது, அது மேலே போய் உடைகிற வரைக்கும் அனுப்புற வெப்பநிலையையும் அழுத்தத்தையும் குறிச்சு வைக்க வேண்டியது. மத்த இடங்களில் பலூன் சீக்கிரமே வெடிச்சுடும். இங்கே நல்ல பலூன்கள் கிடைச்சதால் முப்பது கிலோமீட்டர் உயரத்தை அடிக்கடி தொட முடிஞ்சது.

1952 ஜனவரி 27ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் அந்தக் குறிப்பேட்டில் ஒரு விபரீதம். மேல் உயரத்தில் வெப்பநிலை சில நாட்களுக்குள் முப்பது டிகிரிக்கும் அதிகமா ஏறிடுச்சு. தரையில் ஒண்ணுமே இல்லை, வழக்கமான ஜனவரிக் குளிர். பிப்ரவரி கடைசியில் மறுபடியும் அதே கூத்து. ஷெர்ஹாக் அதை "வெடிப்பு மாதிரியான" வெப்பமேற்றம்னு எழுதினார். "பெர்லின் நிகழ்வு"ன்னே கொஞ்ச காலம் அதுக்குப் பேர் இருந்தது. பிற்பாடு நிலைச்ச பேர் "திடீர் ஸ்ட்ராட்டோஸ்பியர் வெப்பமேற்றம்".

இந்தப் பேரில்தான் எனக்கு ஒரு சின்ன சண்டை. கம்பெனியில் சர்வர் ஸ்லோன்னு டிக்கெட் வரும். தலைப்பு "சர்வர் ஸ்லோ". உள்ளே தோண்டினா யாரோ ஒருத்தர் டேட்டாபேஸைப் பூட்டி வெச்சிருப்பார். டிக்கெட்டின் தலைப்பு எப்பவும் அறிகுறியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. "வெப்பமேற்றம்" அப்படி ஒரு டிக்கெட் தலைப்பு. அந்தப் பேரைப் பார்த்த யாருக்கும் வர்ற முதல் கேள்வி "சூடு எங்கிருந்து வந்தது?" என்பதுதான். அந்தக் கேள்வி எல்லாரையும் ஒரே திசையில் அண்ணாந்து பார்க்க வெச்சது. சூரியன்! பிப்ரவரி 1952இல் சூரியனில் நடந்த ஒரு வெடிப்போட இதை முடிச்சுப் போட்டுப் பார்த்தாங்க, ஷெர்ஹாக்கும் அதில் சேர்த்தி.

அன்றைய நிலையில் அது முட்டாள்தனமான ஊகமே இல்லை. சூடு மேல் உயரத்தில் முதலில் தெரியுது, அப்புறம் நாளுக்கு நாள் கீழே இறங்குது. மேலிருந்து கீழே இறங்குற ஒண்ணுக்குக் காரணம் மேலேதான் இருக்கணும்னு யாருக்கும் தோணும்தானே? ஆனா இடிக்கிற விஷயமும் ஒண்ணு இருந்தது. 1957-58இல் உலக நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேச புவி இயற்பியல் ஆண்டில் பலூன் நிலையங்கள் பெருகின. படம் பெரிசாச்சு. இது பெர்லின் சமாச்சாரம் இல்லை, வட துருவம் முழுக்க நடக்கிற சமாச்சாரம்னு தெரிஞ்சது. சூரியனே எட்டிப் பார்க்காத துருவ இரவுக்குள்ள, மாசக்கணக்கில் இருட்டா இருக்கிற இடத்தில் இப்படி எகிறுது. அதுவும் குளிர்காலத்தில் மட்டும்.

இங்கே காற்றைப் பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும். குளிர்காலத்தில் துருவத்துக்கு மேல வெயில் கிடையாது. காற்று வெப்பத்தை விண்வெளிக்கு இழந்துக்கிட்டே இருக்கும். கீழ் அட்சரேகைகளில் வெயில் உண்டு. இந்த வெப்ப வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து துருவத்தைச் சுத்தி ஒரு பெரிய காற்று வளையத்தை உண்டாக்கும். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுகிற வேகத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும். இதுதான் அந்த போலார் வோர்டெக்ஸ், துருவச் சுழல். வடகிழக்குப் பருவக்காற்று வடகிழக்கிலிருந்து வருவது மாதிரி, மேற்கிலிருந்து வர்றது மேற்குக் காற்று. கோடையில் இது அப்படியே திரும்பிக் கிழக்குக் காற்றாகிடும். இந்த ஒரு விவரத்தை மனசில் வெச்சுக்கோங்க.

அடுத்து அலை. நம்ம தலைக்கு மேல காற்று நேர்க்கோட்டில் போறதில்லை. இமயமலை, ராக்கி மலைத்தொடர் மாதிரி பெரிய தடுப்புகள் மேல மோதியும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தாலும் அது வடக்கும் தெற்குமா வளைஞ்சு வளைஞ்சு போகும். சில வளைவுகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம். பூமியை ஒரு சுத்து சுத்தினா ஒண்ணு ரெண்டு முகடுதான் வரும், அவ்வளவு பெரிசு. 1930களின் கடைசியில் இந்த அலைகளுக்குக் கணக்குப் போட்டவர் ராஸ்பி. அவர் பேர்லதான் ராஸ்பி அலை.

1961இல் ஜூல் சார்னியும் ஃபிலிப் ட்ராசினும் ஒரு கட்டுரை எழுதினாங்க. சார்னி யாருன்னா, 1950இல் எனியாக் கம்ப்யூட்டரில் முதல் முதலா வானிலைக் கணிப்பை ஓட்டிய குழுவின் தலைவர். 24 மணி நேரத்துக்கான கணிப்பைப் போட ஏறக்குறைய 24 மணி நேரம் பிடிச்சது. நம்ம தொழிலுக்கே பாட்டன். அவர் கேட்ட கேள்வி அபாரம். கீழே இவ்வளவு பெரிய அலைகள் இருக்கு, அதோட சக்தி ஏன் மேலே தப்பிப் போகலை? அப்படிப் போனா மேல் வளிமண்டலம் பயங்கரமா சூடாகி, சூரியனுக்கு இருக்கிற மாதிரி பூமிக்கும் ஒரு கரோனா இருந்திருக்கணுமே? கணக்குப் போட்டதில் வந்த விடை: மேலே மேற்குக் காற்று இருந்தால்தான், அதுவும் அளவுக்கு மீறிய வேகத்தில் இல்லாமல் இருந்தால்தான், இந்த நிலையான அலைகளால் ஏற முடியும். கிழக்குக் காற்று வந்தா கதவு மூடிடும். மேற்குக் காற்றிலும் மிகப் பெரிய அலைகளுக்கு மட்டும்தான் அனுமதி. சின்ன அலைகளுக்கு வாசலிலேயே டாட்டா.

கோடையில் மேலே கிழக்குக் காற்று. அதனால அலை ஏறாது, வெப்பமேற்றமும் இல்லை. குளிர்காலத்தில் மேற்குக் காற்று, கதவு திறந்திருக்கு. "ஏன் குளிர்காலத்தில் மட்டும்" என்ற கேள்விக்கு இதில் பதில் கிடைச்சிடுச்சு. காரணம் மேலே இல்லை, கீழே இருக்குன்னு முதல் தடவையா ஒரு வலுவான கை காட்டி.

ஆனா அதே கட்டுரையில் ஒரு முட்டுக்கட்டையும் இருந்தது. அதே சமயத்தில் நார்வேக்காரர்களான எலியாசனும் பாமும் இன்னொரு வழியில் அதே இடத்துக்கு வந்திருந்தாங்க. அலை ஒரே சீரா, வலு குறையாம, எங்கேயும் தேயாம போனால், அது கடந்து போகிற காற்றின் சராசரி ஓட்டத்தை மாத்தவே மாத்தாது. வந்த சுவடு தெரியாம போயிடும். அப்போ அலை ஏறுது சரி, ஏறி என்ன பண்ணும்? அலை இருக்கு, காற்று இருக்கு, ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாமல் போகுதுன்னா வெப்பமேற்றத்துக்கு வழியே இல்லை. நான் வாசிச்சதிலேயே மிகச் சுவாரசியமான இடம் இது. பாதி விடையைக் கொடுத்த கணக்கே மீதி விடைக்குக் குறுக்கே நிக்குது. பத்து வருஷம் அப்படியே நின்னது.

இடையில் பெர்லினில் பலூன் நிற்கலை. 1964இல் உலக வானிலை அமைப்பின் ஏற்பாட்டில், மேலே வெப்பமேற்றம் தொடங்கினா உலகத்துக்கே அறிவிக்கிற பொறுப்பு அங்கே வந்தது. ஷெர்ஹாக்கின் மாணவி காரின் லபிட்ஸ்கேயும் மத்தவங்களும் நாள் தவறாம வட துருவ வரைபடங்களைக் கையால் வரைஞ்சுக்கிட்டே இருந்தாங்க. ஷெர்ஹாக் 1970இல் இறந்துட்டார்.

அடுத்த வருஷம் விடை வந்தது.

கொடுத்தவர் ஜப்பானின் தரோ மட்சுனோ. பூமத்தியரேகை அலைகள் பத்தி 1966லேயே பேர் வாங்கினவர். 1971 கட்டுரையில் அவர் கேட்டது: சீரா இல்லாத அலை வந்தா? கீழே பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பெரிய அலை திடீர்னு வலுவாகுதுன்னு வெச்சுக்கோங்க. அது மேலே ஏறுது. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைவு. முப்பது கிலோமீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதில் நூறில் ஒரு பங்குதான். சாட்டையை அடிப்பக்கம் லேசா அசைச்சா நுனி சொடுக்குற மாதிரி, அலை மேலே போகப் போகப் பெரிசாகும். வலு மாறிக்கிட்டே இருக்கிற அலை சுவடு தெரியாமப் போகாது. போகிற வழியில் மேற்குக் காற்றை இழுத்துப் பிடிக்கும். பிரேக். வளையம் வேகம் குறைஞ்சு, கடைசியில் உச்சியில் ஓர் இடத்தில் நின்னே போகும். அதைத் தாண்டி கிழக்குக் காற்று.

இப்போ சார்னி-ட்ராசின் விதி ஞாபகம் இருக்கா? கிழக்குக் காற்றுக்குள் அலை போகாது. காற்று நின்ன அந்த உயரத்தில் அலை முட்டி உறிஞ்சப்படும். முட்டின இடத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற காற்றும் நிற்கும். அடுத்த அலை அதுக்கும் கீழேயே முட்டும். கதவு தினம் கொஞ்சம் கொஞ்சமாக் கீழே இறங்கி வரும். ஏறுறதுக்கு எந்தக் காற்று வேணுமோ, அந்தக் காற்றையே அலை கொன்னுட்டு, தான் வந்த பாதையைத் தானே அடைச்சுடுது. மேலிருந்து கீழே ஒரு சமாச்சாரம் இறங்குதுன்னு 1952இலிருந்து எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தது இதைத்தான். இறங்கினது சூரியன் அனுப்பினது இல்லை. கீழிருந்து ஏறினவன் பூட்டிக்கிட்டு வந்த கதவு.

சரி, சூடு? வளையம் ஓடுறப்போ, காற்றை வெளியே தள்ளுற சுழற்சி விசையும் துருவத்தை நோக்கி இழுக்கிற அழுத்தமும் சமமா இருக்கும். பிரேக் போட்டதும் சமநிலை போச்சு. காற்று துருவத்தை நோக்கி நகருது. அங்கே குவிஞ்ச காற்றுக்குக் கீழே இறங்குறதைத் தவிர வழியில்லை. இறங்குற காற்று அமுங்கும், அமுங்கினா சூடாகும். சைக்கிளுக்குக் காத்தடிக்கிறப்போ பம்போட அடிப்பக்கம் சுடும் பாருங்க, அதே சமாச்சாரம். ஒரு கிலோமீட்டர் இறங்கினா ஏறக்குறைய பத்து டிகிரி. வெளியிலிருந்து யாரும் சூட்டைக் கொண்டு வரலை. மட்சுனோவின் கம்ப்யூட்டர் மாடலில் சூரியன் எதுவும் செய்யலை. கீழே அலையைத் தட்டிவிட்டார், சில வாரத்தில் சுழல் சரிஞ்சது, காற்று திரும்பிச்சு, துருவம் கொதிச்சது.

இதுக்கு ஒரு சாட்சி அவர் கட்டுரைக்கு முந்தின வருஷமே வந்திருந்தது. 1969இல் விட்ட நிம்பஸ்-3 செயற்கைக்கோளின் அளவுகளைப் பார்த்த ஃப்ரிட்ஸும் சோல்ஸும், துருவம் சூடாகிற அதே நாட்களில் வெப்பமண்டலத்துக்கு மேலே இருக்கிற ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்வதை 1970இல் எழுதியிருந்தாங்க. சூரியன் சூடேத்தினால் எதுக்காக இன்னொரு இடம் குளிரணும்? துருவத்தில் காற்று இறங்கினால் வேற எங்கேயோ ஏறியாகணும், ஏறுற காற்று விரிஞ்சு குளிரும். கணக்கு டேலி. இந்த ஒரு சாட்சிக்காகவே நான் அந்தக் கட்டுரையை ரொம்ப மதிக்கிறேன். ஊர் பூரா சூடான இடத்தையே பார்த்துக்கிட்டிருந்தப்போ, குளிர்ந்த இடத்தையும் பார்த்தாங்க பாருங்க.

அதுக்கப்புறம் நடந்ததை வேகமாச் சொல்லிடறேன். 1983இல் மெக்கின்டயரும் டிம் பாமரும் செயற்கைக்கோள் அளவுகளிலிருந்து வரைபடம் போட்டு, இந்தப் பிரம்மாண்ட அலைகள் கடற்கரையில் அலை உடையற மாதிரியே படுக்கைவாட்டில் உடைஞ்சு சிதறுறதைக் காட்டினாங்க. அந்தப் பகுதிக்கு அலை உடையும் கரைன்னே பேர் வெச்சாங்க. இன்னிக்குப் பெரிய வெப்பமேற்றம் நடந்ததான்னு முடிவு பண்ண பரவலா பயன்படுற அளவுகோல் என்ன தெரியுமா? 60 டிகிரி வடக்கில், பத்து மில்லிபார் உயரத்தில், மேற்குக் காற்று கிழக்காத் திரும்பிச்சா இல்லையா. பேர் வெப்பம், அளக்கிறது காற்று! டிக்கெட் தலைப்பை மாத்தலை, ரூட் காஸை மட்டும் சரியாப் பிடிச்சுட்டாங்க. வட துருவத்தில் சராசரியா பத்து வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது. ஆனா 1989 பிப்ரவரிக்கு அப்புறம் 1998 டிசம்பர் வரை ஒண்ணுகூட இல்லை. சராசரியை நம்பி மோசம் போகாதீங்க.

தென் துருவத்தில் இது நடக்கவே நடக்காதுன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணியிருந்தாங்க. அங்கே இமயமலை மாதிரி பெரிய தடுப்பு கிடையாது, சுத்தியும் கடல், அலை பலவீனம். 2002 செப்டம்பர் கடைசியில் அண்டார்டிகா மேல இருந்த சுழல் நடுவில் பிளந்து ரெண்டாச்சு. கூடவே ஓசோன் ஓட்டையும் ரெண்டாப் பிளந்தது. தெற்கில் பதிவான பெரிய வெப்பமேற்றம் அது ஒண்ணுதான். 2019இல் கிட்ட வரைக்கும் வந்து, காற்று திரும்பாம நின்னுடுச்சு.

க்ளையன்ட் ஆள் சொன்ன ரெண்டு வாரக் கணக்குக்கு வருவோம். 2001இல் பால்ட்வினும் டங்கர்டனும், மேலே சுழல் பலவீனமானா அதன் தாக்கம் மெல்ல இறங்கி, அறுபது நாள் வரைக்கும் தரை வானிலையைப் பாதிக்கிறதை நீண்டகாலப் பதிவுகளிலிருந்து காட்டினாங்க. மொத்தக் காற்றில் பெரும்பங்கு கீழ் அடுக்கில்தான் இருக்கு. அப்படியிருக்க வாலு போய்த் தலையை ஆட்டுமான்னு சந்தேகம் வருவது நியாயம்தான். எல்லா வெப்பமேற்றமும் கீழே வந்து சேர்றதும் இல்லை. வந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு 2018 உதாரணம்: பிப்ரவரி 12 வாக்கில் மேலே காற்று திரும்பிச்சு. மாசக் கடைசியில் சைபீரியக் குளிர் ஐரோப்பா மேல இறங்கி, ரோம் நகரத்திலேயே பனி கொட்டியது. வழக்கமான வானிலைக் கணிப்பு ஒரு வாரம் பத்து நாளைத் தாண்டினா தடுமாறும். அந்த எல்லைக்கு அப்பால் கொஞ்சம் வெளிச்சம் தர்றது இந்த மேல்மாடிக் காற்றுதான்.

சூரியன் பாவம், அவ்வளவு லேசில் கதையை விட்டுப் போகலை. 1987இல் அதே லபிட்ஸ்கே, அதே பெர்லின் பதிவுகளை வெச்சு ஒரு குண்டு போட்டாங்க. பூமத்தியரேகைக்கு மேலே ஏறக்குறைய 28 மாசத்துக்கு ஒரு தடவை கிழக்கும் மேற்குமா மாறிக்கிட்டே இருக்கிற ஒரு காற்று உண்டு. (அதுவும் அலைகள் செய்யற வேலைதான். அதுக்குத் தனிப் பதிவே போடணும்.) அந்தக் காற்று எந்தத் திசையில் இருக்குங்கறதை வெச்சுக் குளிர்காலங்களைப் பிரிச்சுப் பார்த்தா, வட துருவத்தின் வெப்பநிலைக்கும் 11 வருஷ சூரியப்புள்ளிச் சுழற்சிக்கும் தொடர்பு தெரியுதுன்னாங்க. நிறைய பேர் ஏத்துக்கலை, இன்னும் வாதம் ஓடுது. குருநாதர் சந்தேகப்பட்ட ஆளையே முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு சிஷ்யை வேற வாசல் வழியா உள்ளே கூட்டிட்டு வந்தது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

கடைசியா நம்ம பக்கத்துச் சேதி ஒண்ணு. சிற்பங்களுக்குப் பேர் போன திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கு. எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் உயரக் காற்றை ரேடார் வெச்சு அங்கே அளந்தாங்க. வட துருவத்தில் பெரிய வெப்பமேற்றம் நடந்த குளிர்காலங்களை எடுத்து, அந்த ரேடார் பதிவுகளோட ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வந்தது. பூமத்தியரேகைப் பகுதிக்கு மேலே, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடும். துருவத்தில் சுழல் குலைஞ்ச அந்த நாட்களில், நெல்லைக்கு மேலே காற்றின் அரைநாள் அலைகள் வலுத்திருக்கு. அந்த மின்னோட்டம் மத்தியானத்துக்கு மேல் திசை மாறி மேற்கே ஓடியிருக்கு.